புது மிஷினா? பழைய மிஷினா?



பூரிக்கட்டை, மத்து, சொப்புச் சாமான் செய்யும் கடைசல் பட்டறைக்குக் கடன் கேட்டு வரும் குழுக்களில் முதலில் எழும் கேள்வி, "புதுசு வாங்கணுமா, பழசே போதுமா?" என்பதுதான்.

நாங்கள் போன ஒரு ஊரில், உறுப்பினர் ஒருவர் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய கடைசல் மிஷினை வாங்கிவிட்டார். வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் அது த்ரீ பேஸ் மோட்டார் என்று தெரிந்தது. வீட்டில் இருப்பதோ சிங்கிள் பேஸ். மிஷின் இரண்டு மாதம் சும்மா கிடந்தது. தவணை மட்டும் நிற்கவில்லை!

பழசு என்றாலே மோசம் இல்லை. ஆனால் கேட்கிற விலை மட்டுமே விலை ஆகாது. உதாரணத்துக்கு, புதுசு 40,000 ரூபாய், பழசு 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மோட்டாருக்குக் காயில் கட்ட 4,000, பேரிங் மாற்ற 2,000, பெல்ட் மூடிக்கு 1,500, வண்டி வாடகை 2,500 ஆனால், பழசின் விலை 34,000 ஆகிவிடும். மிச்சம் 6,000 ரூபாய்தான்.

பழசு வாங்கப் போகும்போது கவனிக்க வேண்டியவை:

1. மோட்டார் தகட்டில் சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா என்று முதலில் பாருங்கள்.

2. மரத்தை மாட்டி அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கருகல் வாசனையோ உறுமல் சத்தமோ வந்தால் சந்தேகப்படுங்கள்.

3. கரண்டை அணைத்துவிட்டு, சுழலும் தண்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். அதை மாற்றிவிடலாம். தண்டே தேய்ந்திருந்தால் செலவு அதிகம்.

4. மரத்தைப் பிடிக்கும் இரண்டு முனைகளும் நேருக்கு நேர் வர வேண்டும்.

5. இரும்புச் சட்டத்தில் விரிசலோ, வெல்டிங் வைத்த தடமோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

பெல்ட்டுக்கு மூடி இல்லாத மிஷினை ஒரு நாள்கூட ஓட்ட வேண்டாம். முந்தானையோ பின்னலோ சிக்கினால் உயிருக்கே ஆபத்து. முந்தானையை இடுப்பில் செருகி, கொண்டை போட்டுக்கொண்டுதான் வேலைக்கு உட்கார வேண்டும்.

பக்கத்தில் நல்ல மெக்கானிக் இருந்து, சாமானும் சுலபமாகக் கிடைத்தால் பழசு வாங்கலாம். இல்லையென்றால் கொஞ்சம் பொறுத்து, சேமித்து, உத்தரவாதத்தோடு புதுசே வாங்குங்கள். வங்கிக் கடன் என்றால் விலைப்புள்ளியும் பில்லும் கேட்பார்கள். எனவே முன்பணம் கொடுக்கும் முன்பே வங்கியில் விசாரித்துவிடுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். இரண்டு உறுப்பினர்களையும் விவரம் தெரிந்த மெக்கானிக்கையும் கூட்டிப் போங்கள். ரசீது வாங்கி, விவரத்தைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். நம் சேமிப்புப் பணம் அல்லவா!