பாதிச் செய்தியும் முழு ஆய்வும்

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் உறவினர் ஒருவரைக் காண அண்மையில் சென்றிருந்தேன். மிகவும் மெலிந்துபோயிருந்தார். சோற்றையும் பழங்களையும் அறவே நிறுத்திவிட்டதாகச் சொன்னார். 'சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியால் செத்துவிடும். இது அமெரிக்க விஞ்ஞானிகளின் கண்டுபிடிப்பு' என்று வாட்ஸ்ஆப்பில் வந்த செய்தியே அதற்குக் காரணம். மருத்துவரிடம் அவர் இதைச் சொல்லவே இல்லை.

அச்செய்தியில் எந்த விஞ்ஞானியின் பெயரும் இல்லை. எனினும், இன்சுலினுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான லூயிஸ் கான்ட்லி. அவருடைய முக்கியமான ஆய்வுக் கட்டுரைகளைக் கால வரிசையில் பார்த்தால், செய்தி எங்கே உண்மையிலிருந்து விலகுகிறது என்பது விளங்கும்.

1985-இல் 'நேச்சர்' இதழில் அவரும் சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். எலிகளில் கட்டிகளை உண்டாக்கும் பாலியோமா வைரஸின் புரதம் ஒன்றுடன் ஒரு நொதியின் செயல்பாடு இணைந்திருப்பதை அது காட்டியது. அதுவரை அறியப்படாத ஒரு கொழுப்பு மூலக்கூறை அந்த நொதி உருவாக்குகிறது என்பதை 1988-இல் நிறுவினர். இன்று பிஐ3 கைனேஸ் என அழைக்கப்படும் அதே நொதியை இன்சுலினும் தூண்டுகிறது என்று 1990-இல் வெளியான கட்டுரை தெரிவித்தது.

இதன் பொருள் எளிது. சர்க்கரையை உள்வாங்கவும் வளரவும் செல்லுக்கு ஆணை செல்லும் பாதைகளில் இது முக்கியமானது. இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலினின் ஆணைக்கு இப்பாதை சரிவரச் செவிசாய்ப்பதில்லை. பல புற்றுநோய்களிலோ, ஆணை இல்லாமலேயே ஓயாது இயங்குகிறது. இந்த நொதிக்கான மரபணு பல வகைக் கட்டிகளில் பிறழ்ந்திருப்பதை 2004-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அப்பிறழ்வு உள்ள ஒருவகை முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு, நொதியைத் தடுக்கும் அல்பெலிசிப் என்ற மருந்து 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. முதல் கட்டுரையிலிருந்து மருந்து வரை 34 ஆண்டுகள்!

இம்மருந்தில் ஒரு சிக்கல் உண்டு. கட்டியில் மட்டுமன்றி கல்லீரலிலும் தசையிலும் அதே பாதையை இது அடைக்கிறது. அதனால் ரத்தச் சர்க்கரை உயர்கிறது. கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின் கட்டியில் அடைபட்ட பாதையை மீண்டும் திறந்துவிடக்கூடும். கான்ட்லி குழுவினர் 2018-இல் 'நேச்சர்' இதழில் இதைத்தான் ஆராய்ந்தனர். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் நீரிழிவு மருந்தையோ, மாவுச்சத்து மிகக் குறைந்த கீட்டோ உணவையோ சேர்த்துக் கொடுத்தபோது எலிகளில் இத்தகைய மருந்துகள் நன்கு வேலை செய்தன.

வாட்ஸ்ஆப் செய்திகள் சொல்லாமல் விடும் பகுதி இனிமேல்தான் வருகிறது. அங்கே உணவு மருந்துக்குத் துணையாக வந்ததேயன்றி, மருந்தின் இடத்தைப் பிடிக்கவில்லை. மேலும், ஒருவகை ரத்தப் புற்றுநோய் கொண்ட எலிகளில் கீட்டோ உணவு மட்டும் கொடுக்கப்பட்டபோது நோய் வேகமாக முற்றியது. இதுவும் அதே கட்டுரையில்தான் இருக்கிறது.

ஓர் ஆய்வாளர் எத்தனை கட்டுரைகள் எழுதினார் என்று எண்ணிப் பார்ப்பதே நம் வழக்கம். அந்த எண்ணிக்கை நோயாளிக்கு உதவாது. ஆய்வு எலியிலா மனிதரிலா, எந்த வகைப் புற்றுநோயில், எந்த மருந்துடன் சேர்த்துச் செய்யப்பட்டது, பாதகமான முடிவு ஏதும் வந்ததா என்பவையே கேட்கப்பட வேண்டிய கேள்விகள். இவற்றுக்கு விடை இல்லாத செய்தியை நம்பி உணவை மாற்றுவது ஆபத்து. சிகிச்சைக் காலத்தில் உடல் எடை குறைவதே நோயாளியைப் பலவீனப்படுத்திவிடும்.

இதையெல்லாம் உறவினரிடம் பொறுமையாகச் சொன்னேன். அவர் அரைமனதுடன்தான் கேட்டுக்கொண்டார். ஆனால், அடுத்த முறை மருத்துவமனைக்குச் சென்றபோது, தான் என்ன சாப்பிடுகிறார் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார். இப்போது, மருத்துவர் சொன்ன அளவில் சோறு அவர் தட்டுக்குத் திரும்பியிருக்கிறது.