கடல் கடக்கும் சான்றிதழ்

ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கையில், "மகன் சேஃப்டி படித்து முடித்துவிட்டான், இனி வளைகுடாதான்" என்று மகிழ்வோடு கூறும் பெற்றோரை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். சில இல்லங்களில் அப்படிப்பிற்காகத் தாயின் சங்கிலி அடகுக் கடைக்குச் சென்றிருக்கும். மகன் கையிலுள்ள தாள் அங்கே செல்லுபடியாகுமா என்று விசாரித்தவர் மட்டும் அரியர்.

தொழிற்பாதுகாப்புச் சான்றிதழ்கள் யாவும் ஒரு தரத்தின அல்ல. சென்னைத் தரமணியில் நடுவண் அரசின் தொழிலாளர் அமைச்சகத்தைச் சார்ந்த நிறுவனம் வழங்கும் ஓராண்டு உயர் பட்டயம் நம் நாட்டில் மதிப்பு மிக்கது. ஆயினும் அயல்நாட்டு நிறுவனங்கள் அதனை அறிந்திருக்கும் என்ற உறுதியில்லை. வளைகுடாவில் பெரிதும் கேட்கப்படுவது, 1979-இல் இங்கிலாந்தில் தோன்றிய நெபோஷ் வாரியத்தின் பன்னாட்டுப் பொதுச் சான்றிதழ். எழுத்துத் தேர்வோடு, ஒரு பணியிடத்தை ஆராய்ந்து அங்குள்ள ஆபத்துகளை மதிப்பிடும் செய்முறையும் அதற்குண்டு. அது காலாவதியாவதில்லை.

அமெரிக்க ஓஷாவின் பெயரால் தரப்படும் முப்பது மணிநேரப் பயிற்சி அட்டையோ தகுதிச் சான்று அன்று; அத்துறையே அவ்வாறு கூறுகிறது. அதனை "அமெரிக்க அரசுப் பட்டம்" என்று விற்போரிடம் நம் பிள்ளைகள் ஏமாறலாகாது.

இது பண இழப்பு மட்டுமன்று. எண்ணெய்த் தொட்டியினுள் காற்றைச் சோதித்து, எழுத்து மூலம் அனுமதி தந்த பின்னரே ஆட்கள் இறங்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும்; அளவு மிகுந்தாலோ மூக்கு உணர்விழந்து நாற்றமே தெரியாது போகும். இதனை அறியாத ஒருவர் தரும் அனுமதியை நம்பி இறங்குவோர் பிறர் பெற்ற பிள்ளைகள். உடல்நலத்திற்குத் தீங்கு செய்யாத பணியிடம் உழைப்பாளியின் உரிமை என்பதைத் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வலியுறுத்தினார்.

நல்ல சான்றிதழே இருப்பினும் அது வேறு, பணிபுரியும் உரிமை வேறு. சிங்கப்பூரில் பாதுகாப்பு அதிகாரியாக விளங்க மனிதவள அமைச்சகத்தில் பதிவு பெற வேண்டும். சட்டமும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. கோடையில் திறந்தவெளி வேலைக்குத் தடையுள்ள நேரம் ஐக்கிய அமீரகத்தில் பகல் 12.30 முதல் 3 வரை. கத்தாரிலோ காலை 10 முதல் மாலை 3.30 வரை. ஊரில் கற்றதை அங்கே மீண்டும் கற்றே ஆக வேண்டும்.

பட்டங்களை உறுதிப்படுத்தும் முறையும் ஒன்றன்று. ஓமன், பஹ்ரைன், 2022-இல் இணைந்த சவூதி அரேபியா ஆகியவை ஹேக் உடன்படிக்கை நாடுகள். நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் முத்திரை அவற்றிற்குப் போதும். அமீரகத்திற்கும் கத்தாருக்கும் அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பமும் வேண்டும். இங்கிலாந்தில் வழங்கப்பட்ட சான்றிதழை இங்கே உறுதிப்படுத்த முனைவது வீண். அதற்குரிய முத்திரை இங்கிலாந்திலேயே பெறப்பட வேண்டும்.

ஆகவே, வேலை தரும் நிறுவனம் எந்தத் தகுதியைக் கேட்கிறது என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே படிப்பிற்குப் பணம் கட்டுக. மூலச் சான்றிதழை ரசீதின்றி எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம். இங்குள்ள வேலையை விடுமுன், செய்த பணியின் விவரமும் தேதிகளும் அடங்கிய அனுபவக் கடிதத்தைக் கேட்டுப் பெறுக. கடல் கடந்தபின் அதனை வரவழைப்பது எளிதன்று.