எதிரியின் சாட்சி

பச்சைத் தோலை வாங்கியவர் அதைப் பதனிட்டு விற்ற பிறகே பணம் காண்பார் ஆகையால், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்துத் தோல் வியாபாரத்தில் காசோலையானது ரொக்கத்துக்குப் பதிலாக மட்டுமின்றி, நம்பிக்கைக்கு ஈடாகவும் கைமாறக்கூடியது. கடனைத் தீர்த்துவிட்ட ஒரு சிறு வியாபாரி, ஈடாகக் கொடுத்த காசோலையைத் திரும்ப வாங்காமல் விட, பிற்காலத்தில் அதுவே தொகை நிரப்பப்பட்டு வங்கியிலிருந்து திரும்பி, அவரை மாஜிஸ்திரேட் முன் எதிரியாக நிறுத்துமானால், அவர் கதி என்ன?

சாதாரணமாகக் குற்றத்தை நிரூபிக்கும் பாரம் குற்றஞ்சாட்டியவரைச் சேர்ந்தது. காசோலை வழக்கிலோ, கையெழுத்து எதிரியுடையதே என்று ஏற்பட்டுவிட்டால், அது கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்று மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 139-ஆவது பிரிவு அனுமானித்துக்கொள்கிறது. அந்த அனுமானத்தை உடைக்க வல்லவர்கள், பற்றுவரவு எழுதிய கணக்குப்பிள்ளையும், பணம் கொடுத்தபோது உடனிருந்த தரகருமே. ஆனால் எதிர்த்தரப்பு முதலாளியிடம் சம்பளம் வாங்கும் கணக்குப்பிள்ளை, அழைத்தவுடன் வந்து கூண்டேறுவாரா? கோர்ட்டுச் சம்மன் வந்தால் அவர் வந்தே தீரவேண்டும். வராவிடில் வாரண்டு பிறக்கலாம். அதோடு, நானாக வரவில்லை, உத்தரவுக்குக் கட்டுப்பட்டு வந்தேன் என்று முதலாளியிடம் சொல்லிக்கொள்ளவும் அவருக்கு மார்க்கம் உண்டாகிறது. கட்டாயம் என்பது சாட்சிக்கு இம்சையாகத் தோன்றினாலும், பலஹீனனான சாட்சிக்கு அதுவே கவசம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இங்கிலாந்தில் ராஜத்துரோக வழக்கின் எதிரிக்கே 1696-இல்தான் தன் சாட்சியைக் கட்டாயமாக வரவழைக்கும் இவ்வுரிமை கிட்டிற்று. அமெரிக்கா 1791-இல் இதைத் தன் அரசியல் சாசனத்தில் சேர்த்தது. நம் நாட்டில், 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 256-ஆவது பிரிவின்படி, செஷன்ஸ் வழக்கில் எதிரி கேட்கும் சாட்சிக்கு நீதிபதி சம்மன் அனுப்பியே ஆகவேண்டும். தொந்தரவு செய்யவோ, காலதாமதம் விளைவிக்கவோ, நீதியைக் குலைக்கவோ கேட்கப்பட்டதென்று கண்டால் மட்டும், காரணத்தை எழுதிவைத்து மறுக்கலாம். காசோலை வழக்குக்குப் பொருந்தும் 277-ஆவது பிரிவோ, மாஜிஸ்திரேட் தக்கதெனக் கருதினால் அனுப்பலாம் என்கிறது. சாட்சியின் செலவை முன்கூட்டியே கட்டச் சொல்லவும் இடங்கொடுக்கிறது. பாரம் எதிரியின் தலையில் ஏறும் இடத்திலேயே அவருடைய உரிமை மெலிந்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தமிழ்நாட்டில் எழுந்த ஒரு காசோலை வழக்கில், கையெழுத்தை நிபுணரின் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும் என்ற எதிரியின் வேண்டுகோள் மறுக்கப்பட்டபோது, எதிர்வாதத்துக்கு வேண்டிய சாட்சியத்தைக் கொண்டுவர அவகாசம் அளிப்பது நேர்மையான விசாரணையின் அங்கமே என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஆம்பூர் வியாபாரி தம் வக்கீல் மூலம் கொடுக்கும் மனுவில், சாட்சிகளின் பெயர்களை அடுக்கினால் மட்டும் போதாது. ஒவ்வொருவரும் எதைக் கண்டவர், எதைக் கையால் எழுதியவர் என்பதையும் தெளிவாகக் குறிப்பிடவேண்டும். அப்படிக் கொடுக்கப்பட்ட மனுவைக் காலதாமத உபாயம் என்று தள்ளுவது எளிதன்று.