வெயில் சிலரை மட்டும் ஏன் வதைக்கிறது?

சித்திரை பிறந்துவிட்டால் கருங்குழிப் பக்கம் சொர்ணவாரிப் பட்டத்து வேலை மும்முரமாகிவிடும். ஒரே வயலில், ஒரே வெயிலில் பத்துப் பெண்கள் குனிந்து வேலை செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேருக்கு முகம் கறுப்பதோடு சரி. பத்தாவது பெண்ணுக்கு மட்டும் பின்கழுத்திலும் முன்கையிலும் பொரிப்பொரியாகக் கிளம்பி, அரிப்பு பிடுங்கி எடுக்கும். "உடம்புச் சூடுடீ, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்பார் ஒருவர். "ரத்தம் கெட்டுப் போச்சு" என்பார் இன்னொருவர். இரண்டும் இல்லை. பிறவியிலேயே அமைந்த தோல்வாகும் வெளியே அடிக்கும் வெயிலும் சேர்ந்து செய்கிற வேலை இது.

அரிப்பா, மரத்த தேமலா?

இதை டாக்டர்கள் 'பாலிமார்ஃபிக் லைட் எரப்ஷன்' என்கிறார்கள். வெயில் பட்ட சில மணி நேரத்திலோ, ஓரிரு நாளிலோ கிளம்பும். பெண்களுக்கே அதிகம். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு உண்டு. நம்முடைய மாநிறத் தோலில் இது பெரும்பாலும் சிவப்பதில்லை. வெளிறின சிறு பொரிகளாகத்தான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, "குஷ்டமோ?" என்று ராத்தூக்கம் இல்லாமல் தவிக்கிறவர்கள் உண்டு. தொழுநோய்த் தேமலில் பொதுவாக உணர்ச்சி மரத்திருக்கும், இதில் அரிக்கும். சந்தேகம் இருந்தால் காட்டிவிடுங்கள். தொழுநோய்க்கென்றே செங்கல்பட்டு திருமணியில் 1955-ல் தொடங்கிய மத்திய அரசு நிலையம் இருக்கிறது. தொழுநோயே என்றாலும் இன்று மருந்தால் முழுக்கக் குணமாகும்.

கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி

மூக்கின் இருபுறமும் வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்ததுபோல் சிவந்து, வெயிலில் அதிகமாகி, கூடவே மூட்டுவலி, காய்ச்சல், வாய்ப்புண், முடி உதிர்தல் இருந்தால் அலட்சியம் கூடாது. 'லூப்பஸ்' ஆக இருக்கலாம். பிள்ளை பெறும் வயதுப் பெண்களையே இது அதிகம் பிடிக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். முகப்பூச்சு வாங்கித் தடவி நாளைக் கடத்தாதீர்கள்.

கைக்குழந்தைக்கு வந்தால்

மிக அபூர்வமாகச் சில குழந்தைகளுக்குக் கொஞ்சம் வெயில் பட்டாலே தோல் வெந்துபோகும். வெளிச்சத்தில் கண் கூசி நீர் வடியும். இரண்டு வயதுக்குள் முகமெல்லாம் கரும்புள்ளிகள் தோன்றும். இது 'ஸீரோடெர்மா பிக்மென்டோஸம்'.

வெயிலின் புற ஊதாக்கதிர் நம் எல்லார் தோல் செல்களின் மரபுப்பொருளையும் தினமும் சேதப்படுத்துகிறது. கிழிந்த துணியை ஒட்டுப்போட்டுத் தைப்பதுபோல் உடம்பு அதைச் சரிசெய்துகொள்கிறது. இந்தக் குழந்தைகளிடம் அந்தத் தையல் வேலைதான் நடப்பதில்லை. 1968-ல் ஜேம்ஸ் கிளீவர் இதைக் கண்டுபிடித்தார். அந்தத் தையல் நடக்கும் விதத்தை விளக்கிய அஸீஸ் சான்சார், 2015-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். கவனிக்காமல் விட்டால் பத்து வயதுக்குள்ளேயே தோல் புற்றுநோய் வரலாம்.

"கிரகணத்துல வெளியே வந்தா, அதான்" என்று தாயைக் குறைசொல்வது அநியாயம். தாய், தகப்பன் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறை சேர்ந்தால்தான் நோய்; ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டினால் அந்தச் சேர்க்கைக்கு இடம் அதிகம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 28 திருமணம் உறவுக்குள். அதற்காகச் சொந்தத்தில் கட்டியவர்கள் பீதியடைய வேண்டாம். வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே மரபியல் ஆலோசனை கேளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

* காலை 10 முதல் மாலை 4 வரை வெயிலைத் தவிர்க்கப் பாருங்கள். வயல்வேலை என்றால் முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு.

* மாமல்லபுரம் கடற்கரைக்குக் குடை மட்டும் போதாது. மணலும் கதிரைத் திருப்பி அடிக்கும்.

* ஜன்னல் கண்ணாடி வழியாகவும் ஒருவகைக் கதிர் வரும். மேகமூட்டத்தை நம்பாதீர்கள்.

* எலுமிச்சைச் சாறு பட்ட கையோடு வெயிலில் போனால் கொப்புளம் வரலாம். கழுவிவிட்டுப் போங்கள்.

* டாக்ஸிசைக்ளின் போன்ற சில மாத்திரைகளும் வெயில் ஒவ்வாமையைத் தூண்டும். சாப்பிடும் மருந்துகளை டாக்டரிடம் சொல்லுங்கள்.

* வெயில்தடுப்புக் களிம்பு எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், இரண்டு மணிக்கொரு தரம் மறுபடி பூச வேண்டும்.

பொரி எப்போது வந்தது, அன்று எங்கே போனீர்கள், என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். டாக்டருக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.