பிரேக்கில் காற்று: வீட்டில் நாமே எடுக்கலாமா?

போர்ட் கிள்ளானில் குடியிருப்பவர்களுக்கு ஒரு சத்தம் நன்கு பழக்கம். வெஸ்ட்போர்ட்டிலிருந்தோ நோர்த்போர்ட்டிலிருந்தோ கொள்கலன் ஏற்றி வரும் டிரெய்லர் லோரி, சமிக்ஞை விளக்கில் நின்று புறப்படும்போது ‘புஸ்’ என்று காற்று விடும். அந்த லோரியின் பிரேக் வேலை செய்வதே அழுத்தப்பட்ட காற்றால்தான். நம் வீட்டுக் கார் அப்படியல்ல. அதன் பிரேக் குழாயில் எண்ணெய் மட்டுமே இருக்க வேண்டும். அங்கே காற்று புகுந்தால் அதுவே எதிரி.

காரணம் எளிது. எண்ணெயை நசுக்க முடியாது, காற்றை நசுக்கலாம். நாம் பெடலில் கொடுக்கும் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராமல், காற்றுக் குமிழை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். பெடல் பஞ்சு போல் அமுங்கும். இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் கார் நிற்கும்.

பிரேக் குழாயையோ கேலிப்பரையோ கழற்றி மாட்டினாலும், எண்ணெய்த் தொட்டி வற்றினாலும், எங்காவது கசிவு இருந்தாலும் காற்று புகும். இன்னொரு வழி கண்ணுக்குத் தெரியாதது. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நம்முடையதோ கடலோர ஊர். டோட் 3 வகைப் புதிய எண்ணெய் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டோட் 4 வகைக்கு அது 230, 155. கெந்திங் மலை உச்சி சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடு ஏறி, பழைய எண்ணெயில் உள்ள நீர் ஆவியாகிறது. ஆவியும் காற்றைப் போல நசுங்கக்கூடியதுதான். ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை எண்ணெயை மாற்றிவிடுவது நல்லது.

இனி, காற்று எடுக்கும் முறைகளுக்கு வருவோம். பெரும்பாலோர் செய்வது இருவர் முறை. ஒருவர் பெடலில், மற்றவர் சக்கரத்தடியில். நிப்பலில் நிறமற்ற சிறு குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிய புட்டிக்குள் மூழ்கும்படி வைக்க வேண்டும். பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போது நிப்பலைத் திறக்க வேண்டும். எண்ணெயும் குமிழும் வெளியேறும். நிப்பலை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முன்னதாக எடுத்துவிட்டால், வெளியேறியதைவிட அதிகமான காற்று உள்ளே இழுக்கப்படலாம்.

இந்த முறையில் தவறு நேர்வது பெரும்பாலும் கையாலும் காலாலும் அல்ல, வாயால்தான். கீழே இருப்பவர் “விட்டாச்சு” என்கிறார். நிப்பலைத் திறந்துவிட்டேன் என்பது அவர் பொருள். மேலே இருப்பவர் காலை விடச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறார். ஆகவே சொற்களை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். “அழுத்து” என்றால் “அழுத்திட்டேன்” என்று பதில் வர வேண்டும். பெடல் தரைக்குப் போனதும் “இறங்கிடுச்சு” என்று சொல்லி, கால் அங்கேயே இருக்க வேண்டும். “எடு” என்ற பிறகே கால் வர வேண்டும். பெடலில் மகனோ மகளோ உட்கார்ந்திருந்தால் இது இன்னும் முக்கியம். வேகமாக மிதிப்பதும் வேண்டாம். பெரிய குமிழ் பல சிறு குமிழாக உடைந்துவிடும். பழைய சாகா, கஞ்சில் போன்ற கார்களில் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். பெடல் தரைவரை போனால், மாஸ்டர் பம்பின் ரப்பர் வழக்கமாகப் போகாத துருப்பிடித்த இடத்தில் உரசிக் கிழிய வாய்ப்புண்டு.

துணைக்கு ஆளில்லாதவர்கள், எண்ணெயை ஒரு பக்கமாக மட்டும் விடும் வால்வு வைத்த குழாயைப் பயன்படுத்தலாம். கைப்பம்பால் நிப்பலிலிருந்து உறிஞ்சும் முறையும் உண்டு. அதில், நிப்பலின் மரை வழியே வெளிக்காற்று புகுந்து, குமிழ் நிற்காமல் வருவதுபோல் ஏமாற்றும். நிப்பலைத் திறந்து வைத்து, எண்ணெய் தானாகச் சொட்டும்வரை காத்திருப்பது மிகப் பழைய முறை. நேரம் பிடிக்கும், ஆனால் பிடிவாதமான குமிழில்லாத காருக்கு அதுவே போதும். தொட்டியிலிருந்து அழுத்தம் கொடுக்கும் கருவி பட்டறைக்காரர்களுக்குத்தான் கட்டுப்படியாகும்.

எந்த முறையானாலும் தொட்டி வற்றவே கூடாது. ஒவ்வொரு சக்கரத்திலும் நாலைந்து முறை திறந்து மூடியதும் தொட்டியை எட்டிப் பாருங்கள். ஏ.பி.எஸ். உள்ள காரில் தொட்டி வற்றி அதன் பம்புக்குள் காற்று போய்விட்டால், பல மாதிரிகளில் கணினிக் கருவி கொண்டு அந்தப் பம்பை இயக்கித்தான் வெளியேற்ற முடியும். அது வீட்டு வேலையல்ல.

எந்தச் சக்கரம் முதலில்? மாஸ்டர் பம்புக்குத் தூரமானது முதலில் என்பது பொது வழக்கம். அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து வலது பின்சக்கரத்தில் தொடங்குகிறவர்கள் உண்டு. அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், நமக்கோ வலப்பக்கம். இங்கே தூரமானது இடது பின்சக்கரம். அடுத்து வலது பின், இடது முன், வலது முன். சில கார்களுக்கு வரிசை வேறு. கையேட்டில் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஜேக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். அடைத்திருக்கும் எண்ணெய் புதிதாகத் திறந்த புட்டியாக இருக்கட்டும். பாதி மீந்து அலமாரியில் கிடந்தது ஈரம் குடித்திருக்கும். எஞ்சின் எண்ணெயை ஒரு சொட்டும் கலக்காதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் முழுவதும் ஊதிவிடும். சாயத்தில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். கழிவு எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல், தனிப் புட்டியில் பட்டறையில் ஒப்படையுங்கள்.

எல்லா நிப்பலையும் இறுக்கியபின், எஞ்சினை இயக்காமல் பெடலை மிதியுங்கள். கல் போல் நிற்க வேண்டும். பிறகு எஞ்சினை இயக்கினால் சற்று இறங்கி உறுதியாக நிற்கும். அழுத்திப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால், எங்கோ கசிவு. இல்லையேல் மாஸ்டர் பம்பு ரப்பர் போய்விட்டது. மீண்டும் மீண்டும் காற்று எடுத்துப் பயனில்லை. அந்தக் காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போக வேண்டாம், இழுவை வண்டியை அழையுங்கள்.