தீவனத்தில் கலந்த மருந்து குட்டிக்குப் போய்ச் சேர்ந்ததா?

தொட்டியில் தீவனத்தைக் கொட்டியதும் முட்டி மோதிக்கொண்டு முதலில் வருவது கொட்டிலிலேயே பெரிய பன்றி. வயிறு ஊதி, உடம்பு இளைத்து நிற்கும் குட்டிக்குக் கடைசியில்தான் இடம் கிடைக்கும். குடற்புழு மருந்து ரொம்பத் தேவைப்படுவது அந்தக் குட்டிக்குத்தான்!

பன்றியை அதிகம் வாட்டுவது அஸ்காரிஸ் சூம் என்ற உருண்டைப்புழு. 30 செ.மீ. நீளம்கூட வளரும். ஒரு பெண் புழு தினமும் லட்சக்கணக்கில் முட்டையிடும். அவை மண்ணில் வருஷக்கணக்கில் தாங்கும். இளம்புழு குடலைத் துளைத்துக் கல்லீரல், நுரையீரல் என்று சுற்றி, இருமலோடு தொண்டைக்கு ஏறி, மறுபடி குடலுக்கே வந்துசேரும். போன வழியில் ஈரலில் வெள்ளைத் தழும்புகள். தின்ற தீவனமும் எடையாக மாறாது.

இதற்கு ஃபென்பெண்டசோலைத் தீவனத்தில் கலந்து தருவது உண்டு. கிலோ எடைக்கு மொத்தம் 9 மி.கி., அதை 3 முதல் 12 நாட்களுக்குப் பிரித்துக் கொடுப்பது ஒரு முறை. 30 கிலோ பன்றிக்கு 270 மி.கி. முதல் நாள் ஏமாந்த குட்டிக்கு மறுநாளாவது கிடைக்கும். ஆனால், நம் ஊரில் பல பண்ணைகளில் தீவனமே ஓட்டல் மிச்சம்தான். இந்த மருந்தோ தண்ணீரில் கரையாது. சாம்பார்ச் சோற்றில் கலந்தால் அடியில் தங்கிவிடும்.

மருந்து வேலை செய்ததா என்பதைச் சாணம்தான் சொல்லும். கொடுப்பதற்கு முன் ஒருமுறை, முடித்து 10-14 நாட்கள் கழித்து இன்னொரு முறை, தனித்தனிப் பன்றியின் சாணத்தில் முட்டைகளை எண்ணுவார்கள். கிராமுக்கு 1,000 முட்டை இருந்தது 50 ஆனால், 95 சதவிகிதம் குறைந்திருக்கிறது. 90-க்குக் கீழே என்றால் சந்தேகப்பட வேண்டும். மருந்து தராத சில பன்றிகளையும் கூடவே சோதித்தால்தான், குறைந்தது மருந்தாலா, தானாகவா என்று தெரியும்.

இதிலும் ஒரு வேடிக்கை. பன்றி சாணத்தையும் தின்னும். விழுங்கிய முட்டை அப்படியே வெளியே வரும். புழுவே இல்லாத பன்றியிலும் கொஞ்சம் முட்டை தெரியும்! மாறாக, முட்டையிடும் வயசு வராத புழுக்கள் உள்ளே இருந்தாலும் கணக்கு பூஜ்யம்தான்.

அதனால், எண்ணிக்கை குறையவில்லை என்றதும் மருந்தை மாற்றாதீர்கள். அந்த இளைத்த குட்டியைத் தனியாகப் பிரித்து, எடை போட்டு, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவை உலர்ந்த தீவனத்தில் கலந்து கொடுத்துப் பாருங்கள். பிறகு மறுபடி எண்ணச் சொல்லுங்கள்.