கை நிறைய வேலை... கையே வலித்தால்?

ஆடித் தள்ளுபடியில் எடுத்த துணி பீரோவில் காத்திருக்கிறது. ஆவணி முகூர்த்தத்துக்கு ஆரி ஒர்க் ரவிக்கை ரெண்டு முடித்துத் தருவதாகப் பக்கத்து வீட்டு மாமியிடம் ஒப்புக்கொண்டாச்சு. நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கத் துணிப்பை ஐம்பது. செவ்வாயும் வியாழனும் ஆரி வகுப்பு. சனிக்கிழமை தஞ்சாவூர் ஓவிய வகுப்பு. போதாததற்கு, 'பழைய காட்டன் புடவையெல்லாம் வீணாப் போகுதே' என்று ஒட்டுத்துணி போர்வை ஒன்றையும் ஆரம்பித்து, பாதியில் மடித்து வைத்திருக்கிறீர்கள்.

கேட்டால், "சும்மா உட்கார்ந்து டி.வி. பார்க்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்பீர்கள். ரொம்பச் சரி. கைவேலை மனசை அமைதிப்படுத்தும். நாலு காசும் வரும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கை மரத்துப்போய் எழுந்து உதறுகிறீர்களே, அதை யாரிடமாவது சொன்னீர்களா?

முதலில் ஒரு கணக்கு

ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். காலை சமையல் முடிந்து 10.30 முதல் 12.30 வரை, சாப்பாட்டுக்குப் பிறகு 2 மணி முதல் 3.30 வரை உங்களுக்குச் சொந்தமான நேரம் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு மூன்றரை மணி. வாரத்தில் 6 நாளைக்கு 21 மணி.

மூன்று வகுப்பு, தலா 2 மணி. போக வர தலா 1 மணி. ஆக 9 மணி. ஒவ்வொரு வகுப்புக்கும் வீட்டில் பழக 2 மணி என்றால் இன்னும் 6. மொத்தம் 15 போச்சு. மீதி 6 மணிதான்!

ஒரு ரவிக்கைக்கு 15 மணி நேரம் பிடித்தால், ரெண்டுக்கு 30. முகூர்த்தத்துக்கு மூன்றே வாரம்தான் என்றால் கையில் இருப்பது 18 மணி. பாக்கி 12 மணி எங்கேயிருந்து வரும்? எல்லோரும் படுத்த பிறகு, உங்கள் தூக்கத்திலிருந்துதான். துணிப்பை தனிக்கணக்கு. பை ஒன்றுக்கு 20 நிமிடம் என்றால்கூட ஐம்பதுக்குக் கிட்டத்தட்ட 17 மணி.

கை என்ன சொல்கிறது?

மணிக்கட்டுக்குள் எலும்பும் தசைநாரும் சேர்ந்த ஒரு குறுகலான சந்து இருக்கிறது. விரல்களை மடக்கும் தசைநாண்களும், 'மீடியன்' என்கிற நரம்பும் அதன் வழியாகத்தான் உள்ளங்கைக்கு வருகின்றன. மணிக்கட்டை வளைத்தே வைத்து, ஊசியை மணிக்கணக்கில் இறுக்கிப் பிடித்தால் உள்ளே வீங்கி, நரம்பு நசுங்குகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி... இவை மட்டும் மரத்துப்போகும். சுண்டுவிரல் தப்பித்துவிடும். ராத்திரியில் அதிகமாகும், உதறினால் கொஞ்சம் குறையும். இதைத்தான் டாக்டர்கள் 'கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்' என்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். சர்க்கரை, தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

கத்தரிக்கோலை அழுத்திப் பிடித்து அடுக்கடுக்காய்த் துணி வெட்டுகிறவர்களுக்குக் கட்டைவிரல் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வலி வரலாம். காலையில் எழுந்ததும் ஒரு விரல் மடங்கியபடியே நின்று, நிமிர்த்தினால் 'டக்' என்று விடுபடுகிறதா? அது 'ட்ரிக்கர் ஃபிங்கர்'.

ஆரம்பத்திலேயே கவனித்தால் ஓய்வும், ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையுமே பல பேருக்குப் போதும். முற்றினால் ஊசி, சில சமயம் சின்ன ஆபரேஷன். அதையும் தள்ளிப்போட்டால் கட்டைவிரல் அடியில் உள்ள சதை மெலிந்து, ஊசி பிடிக்கும் பலமே போய்விடும். அதனால் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே காலம் தள்ளாதீர்கள். வயிற்றுக்கும் கெடுதல், சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

கண்ணும் கழுத்தும்

நம் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்து இருந்தால் முதுகெலும்பு தாங்கிக்கொள்ளும். சட்டத்தின் மேல் குனியக் குனிய, அத்தனை பாரமும் பின்கழுத்துத் தசைக்குத்தான். எனவே நீங்கள் சட்டத்திடம் குனியாமல், சட்டத்தை உங்கள் உயரத்துக்குத் தூக்குங்கள். முழங்கை மடங்கி நிற்கும் உயரத்தில் இருந்தால் நல்லது. முதுகுக்குச் சாய்மானம் வேண்டும்.

உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது தானாகவே குறைந்துவிடும். அதனால்தான் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், எரிச்சல். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். எதிர் வீட்டு மாடித் தொட்டியானாலும் சரி! வலக்கைக்காரர்களுக்கு வெளிச்சம் இடது பக்கமிருந்து வந்தால், கையின் நிழல் துணியில் விழாது.

நாற்பதைத் தாண்டியாச்சா? ஊசியைத் தள்ளிப் பிடித்து நூல் கோர்க்கிறீர்களா? வெள்ளெழுத்துதான். வெட்கப்படாமல் கண் பரிசோதனை செய்து கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வேண்டாமே

குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு தைக்காதீர்கள். ஒரு தும்மல் போதும், உள்ளே போய்விடும்.

மணி, சம்கி, கல் எல்லாம் மூடி போட்ட டப்பாவில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வதில் வாண்டுகள் கெட்டிக்காரர்கள்.

தஞ்சாவூர் ஓவியப் பலகையைத் தேய்க்கும்போது சுண்ணப்பொடி பறக்கும். மூக்கைக் கட்டிக்கொண்டு, காற்றோட்டமான வராந்தாவில் செய்யுங்கள். வீஸிங் உள்ளவர்கள் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சர்க்கரைக்காரர்களுக்கு ஊசி குத்தினதே தெரியாமல் போகலாம். வேலை முடிந்ததும் விரல்களை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எப்படிச் சமாளிப்பது?

ஒரு சமயத்தில் ஒரு புது வகுப்பு போதும். ஆரி முடியட்டும், அப்புறம் ஓவியம்.

காலண்டரில் வகுப்பு நாளை மட்டும் குறிக்காதீர்கள். பழகும் நேரத்தையும் ஆர்டர் கொடுக்க வேண்டிய தேதியையும் சேர்த்துக் குறியுங்கள். கட்டம் நிரம்பிவிட்டால் புது ஆர்டருக்கு இடமில்லை. கொடுக்கும் தேதிக்கு நாலு நாள் முன்னதாகவே முடிப்பதாகத் திட்டம் போடுங்கள். வீட்டில் யாருக்காவது ஜுரம் வந்தாலும் ராத்திரி கண் விழிக்க வேண்டியிருக்காது.

வேலையை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அரை மணி ஊசி வேலை, பிறகு துணி மடிப்பது, அளவு எடுப்பது என்று கைக்கு வேறு வேலை கொடுங்கள். நடுவில் இரண்டு நிமிடம் விரல்களை மூடித் திறந்து, மணிக்கட்டை மேலும் கீழும் மெதுவாக அசைத்து, தோளைப் பின்பக்கமாகச் சுழற்றுங்கள்.

ராத்திரி 10 மணிக்கு மேல் ஊசி வேண்டாம். பெரியவர்களுக்கு 7 மணி நேரத் தூக்கம் அவசியம். தூக்கக் கலக்கத்தில் தைத்ததைக் காலையில் பிரிக்க ஆகும் நேரம், தைத்த நேரத்தைவிட அதிகம்.

கஷ்டமானது ஒன்று உண்டு. 'முடியாது' என்று சொல்வது! அதுவும் சொந்தக்காரர்களிடம். "செய்யமாட்டேன்னு சொல்லலை அண்ணி, தீபாவளி கழிச்சுத்தான் கை காலியாகும், அப்போ நல்லா செஞ்சு தரேன்" என்று சொல்லிப் பாருங்கள். வருத்தப்படமாட்டார்கள். அவசரம் என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

மரத்துப்போவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, டம்ளர் கைநழுவி விழுந்தாலோ, கழுத்து வலி கைக்கு இறங்கினாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். என்ன வேலை, நாளைக்கு எத்தனை மணி என்பதையும் சொல்லுங்கள். 'வீட்டில் சும்மாதான் இருக்கேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!